வலையில் ஓர் ஓட்டை

வீட்டுப் பொருள்களுள் நுளம்பு வலையைப் போல மதிப்பின்றிக் கிடப்பது பிறிதொன்றில்லை. மாலையில் விரித்துக் காலையிற் சுருட்டி மூலையில் எறியும் அப்பொருளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. விருந்தினர் வந்தால் கண்ணிற் படாதபடி மறைத்து வைக்கின்றோம். சிறிது கிழிந்துவிட்டாலோ, "பழசாய்ப் போச்சு" என்று சொல்லிக் கத்தரிக் கன்றுக்கும் கோழிக் குஞ்சுக்கும் மூடியாக்கிவிடுகின்றோம். தமிழகத்தார் கொசு என்றும் யாழ்ப்பாணத்தார் நுளம்பு என்றும் வழங்கும் சிற்றுயிருக்கும் நமக்கும் இடையே இரவில் நிற்கும் சுவர் அதுவே. அச்சுவரில் விழும் ஓட்டையைப் பற்றியும், அதனைப் பொத்தும் முறையைப் பற்றியும் சில சொல்லப் புகுகின்றேன். பொருள் சிறிதென்று வாசகர் தள்ளிவிட வேண்டாம். ஒரு நாட்டின் வரலாறே இத்தகைய ஓட்டையொன்றால் மாறியதுண்டு.

வேட்டியில் ஒரு விரற்கடை கிழிந்தால் அது வேட்டியாகவே இருக்கும். மடிப்பில் மறைத்து உடுத்துக்கொள்ளலாம். பாயின் ஓரம் பிய்ந்தால் நடுவிற் படுக்கலாம். வலையின் நிலை வேறு. ஆயிரமாயிரம் கண்கள் செவ்வையாக இருப்பினும் ஓரிடத்தில் வழி திறந்தால் அதன் காவல் முடிந்தது. நுளம்பு திசை தெரியாமற் பறந்து வருவதில்லை. நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும், உடலின் வெப்பத்தையும், வியர்வையின் மணத்தையும் பற்றிக்கொண்டே வருகின்றது. வலையிற் பட்டதும் சோர்ந்து திரும்புவதுமில்லை. ஏறியும் இறங்கியும் வழி தேடுகின்றது. உள்ளே புகுந்தபின் வெளியேறும் வழி அதற்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஆதலால் இரவு முழுவதும் உள்ளே படுத்திருப்பவரையே நாடுகின்றது. விடியற்காலையில் வலையின் உட்புறத்தே வயிறு சிவந்து ஒட்டிக்கொண்டிருக்கும் நுளம்பைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கண்ணும் கணக்கும்

வலையிலுள்ள துளையைக் 'கண்' என்பது நம் கடற்றொழிலாளர் வழக்கு. நல்ல நுளம்பு வலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 24 கண்கள் இருக்கும். கண்ணொன்றின் அகலம் இரண்டு மில்லிமீற்றருக்கு உட்பட்டது. சிறகும் காலும் விரிந்த நுளம்பு இதனூடே புக மாட்டாது. தோற்புண் நோயைப் பரப்பும் மணல் ஈயோ நுளம்பினுஞ் சிறியது; இக்கண்ணில் அது நுழைந்துவிடும். அப்படியாயின் கண்ணை இன்னும் சிறிதாக்கலாமே எனின், காற்றுத் தடைப்படும். சோளகம் வீசும் இரவுகளில் ஒருவாறு பொறுக்கலாம். காற்று ஒழிந்த சித்திரை மாதத்து இரவில் நெருங்கிய வலைக்குள் எவர் படுப்பார்? புழுக்கம் தாளாமல் வலையை உதைத்துத் தள்ளுபவருக்கு எந்த வலையாலும் பயனில்லை. ஆகவே காற்றுக்கு இடங்கொடுத்து, நுளம்புக்கு இடங்கொடாத அளவிலே கண் அமைந்திருக்கின்றது.

இத்தகைய வலையைப் பொறியினாற் செய்ய வழி கண்டவர் ஆங்கில நாட்டு ஜோன் ஹீத்கோட் என்பவர். 1808, 1809 ஆம் ஆண்டுகளில் அவர் தம் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெறுமனே கிடத்தினால் அவை வழுகி விலகும். அவரது பொறி நூலை நூலோடு முறுக்கி அறுகோணக் கண்களை ஆக்கிற்று. பொறியால் தம் பிழைப்புக் கெடுமென்று அஞ்சிய தொழிலாளர் 1816 இல் லவ்பறோ நகரிலிருந்த அவருடைய ஆலையில் புகுந்து பொறிகளை நொறுக்கினர். இக்காலத்து நுளம்பு வலை பெரும்பாலும் பொலியெஸ்ரர் இழையைப் பின்னி ஆக்கப்படுவது. முறுக்கினாலும் பின்னினாலும் பயன் ஒன்றே: ஓரிழை அறுந்தவுடன் மற்றவை ஒருங்கே விலகிவிடுவதில்லை. பொத்துபவருக்கு அது தவணை கொடுக்கின்றது. அத்தவணையை நாம் வீணாக்கிவிடுகின்றோம் என்பதே என் குறை.

எவ்வளவு கிழிந்தால் வலை பழுது? எவ்வளவு கிழிந்தால் பொத்தலாம்? உலக சுகாதார நிறுவனத்தார் இதற்கு ஒரு கணக்கு வகுத்துள்ளனர். பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு அது. ஓட்டைகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றனர். பெருவிரல் நுழையுமளவு முதலாவது. கைமுட்டி நுழையுமளவு இரண்டாவது. தலை நுழையுமளவு மூன்றாவது. அதனினும் பெரிது நான்காவது. சென்ரிமீற்றரிற் சொன்னால் அரை முதல் 2 வரை, 2 முதல் 10 வரை, 10 முதல் 25 வரை, 25 க்கு மேல் எனலாம். முதல் வகை ஓட்டைக்கு 1 புள்ளி, இரண்டாவதற்கு 23, மூன்றாவதற்கு 196, நான்காவதற்கு 576. எல்லாவற்றையும் கூட்டி 64 க்கு மேற்படாவிட்டால் வலை நல்லது. 642 க்கு மேற்பட்டால் அது கிழிந்த வலை, புதியது வேண்டும். இடைப்பட்டவை பழுதுபட்டவை, ஆயினும் பயன்படுபவை.

இக்கணக்கின் பாடம் யாது? விட்டம் பெருகும்போது பரப்பு அதன் வர்க்கமாகப் பெருகும் என்று வகுப்பிலே படித்தோம். தலை நுழையும் ஓட்டை ஒன்று விரல் நுழையும் ஓட்டை 196 க்குச் சமன். விரலளவில் இருந்தபோது நான்கு தையலோடு முடியவேண்டிய வேலையைத் தலையளவாகும்வரை விட்டால் ஒட்டுத் துணி தேடவேண்டும். நகத்தாற் கிள்ள வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டுவது என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

பொத்தும் முறை

வலை பெரும்பாலும் கீழ்ப்பாகத்திலேயே கிழிகின்றது. மெத்தைக்கடியிற் செருகும் ஓரம் கட்டிலின் ஆணியிலும் சிலும்பிலும் மாட்டுகின்றது. பிள்ளைகளின் கால் இழுக்கின்றது. எலி கடிக்கின்றது. மேலே, கயிறு கட்டும் நான்கு மூலைகளும் பாரந் தாங்கிப் பிய்கின்றன. விளக்குச் சுடரும் நுளம்புச் சுருளின் நெருப்பும் பட்ட இடத்தில் இழை உருகி, ஓரம் இறுகிய வட்ட ஓட்டைகள் விழுகின்றன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கோடு இரவு கழித்த குடும்பங்களின் வலைகளில் இவ்வகை ஓட்டை இல்லாதது அரிது.

அந்நாட்களில் என் பெரியம்மா வலை பொத்துவதை அருகிருந்து பார்த்திருக்கின்றேன். குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்த காலம். நூற்பந்து ஒன்று பெரிய பொருள். அவர் பழைய வலையின் ஓரத்திலிருந்தே இழையை உருவி, அவ்விழையாலேயே வலையைத் தைப்பார். "பிள்ளை, ராவிலை விளக்கைப் பிடிச்சு ஓட்டை தேடாதை. பகலிலை வெயிலுக்கு நேரை பிடிச்சுப் பார், எல்லாம் தெரியும்" என்பார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவர் சுமந்த மூட்டையில் அந்த வலையும் இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்துச் சீமெந்துத் தரையில் நான்கு பிள்ளைகள் அதற்குள் குறுக்காகப் படுத்து உறங்கினர். இருபத்தேழு ஒட்டுக்கள் அதிலிருந்தன என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. அடைமழைக் காலத்தில், கதவில்லாத அம்மண்டபத்தில், அவ்வொட்டுக்களே எங்களுக்குக் கதவாயின.

அவரிடம் கண்டதையும் பின்னர் அறிந்ததையும் சேர்த்து முறையாகச் சொல்வேன். முதலில் வலையைக் கழுவி உலர்த்துக. மருந்தூட்டிய வலையாயின் மென்மையான சவர்க்காரத்தில் அலசி நிழலிலே உலர்த்தல் வேண்டும். வெயில் மருந்தைக் கெடுக்கும். பின்னர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் ஓட்டையிலும் நிற நூலொன்றால் அடையாளமிடுக. விரலளவான ஓட்டையைச் சுற்றிலும் நூலோட்டி, மெல்லக் கூட்டி முடிந்தாற் போதும். கைமுட்டியளவான ஓட்டைக்கு இழையோட்ட வேண்டும்: ஓட்டையின் விளிம்பிலிருந்து மூன்று நான்கு கண் தள்ளி, பழுதில்லாத இடத்திலே தொடங்கி, ஒரு புறம் நெடுக்காகவும் பின் குறுக்காகவும் நூலை ஓட்டுக. இழுத்து இறுக்கலாகாது, இறுக்கினால் சுருக்கம் விழுந்து பக்கத்துக் கண் அறும். அதனினும் பெரிய ஓட்டைக்கு ஒட்டுப் போடவேண்டும். ஒட்டு, ஓட்டையினும் எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதாக இருக்கட்டும். கண்கள் ஓடும் திசை இரண்டிலும் ஒத்திருக்கட்டும். திசை மாறினால் இழுபடும்போது ஒன்று நெகிழ, மற்றது நெகிழாமல், தையலோரமே மறுபடி கிழியும். நூல் வலையிழையினும் மிகத் தடித்ததாக இருக்கலாகாது. தடித்த நூல் அரம்போல் மெல்லிழையை அறுக்கும். ஒட்டுநாடா அவசரத்துக்கு உதவும். ஒரு கழுவலோடு உரிந்துவிடும்.

மேனாட்டார் சிலர் வண்டியையே வீடாக்கி ஊர்சுற்றுகின்றனர். அவ்வண்டியின் கூரையைத் தூக்கினால் கூடாரமொன்று விரியும். அதன் சாளரங்களில் இவ்வகை வலையே இருக்கும். இரவிற் காற்று வரவும் பூச்சி வராதிருக்கவும் அதுவொன்றே வழி. அங்கே வலை தொய்ந்து தொங்குவதில்லை. கூரை உயருந்தோறும் இழுபட்டு விறைக்கின்றது, மடியுந்தோறும் அதே இடத்தில் கசங்குகின்றது. ஆதலால் கிழிசலை வெறுமனே கூட்டித் தைத்தால் நில்லாது. உள்ளும் புறமும் ஒவ்வோர் ஒட்டு வைத்து, கூரையை உயர்த்தி வலை விறைத்த நிலையிலேயே சேர்த்துத் தைத்தல் வேண்டும். கட்டில் வலைக்குச் சொன்ன விதிகளே அதற்கும் விதி.

கத்தியை முதலில் எடு

வலை பொத்துவதில் வல்லவர் கடற்றொழிலாளரே. குருநகர்க் கடற்கரையில் ஒருநாள் முதியவரொருவர் வலை பொத்திக்கொண்டிருக்கக் கண்டு அருகே அமர்ந்தேன். கிழிந்த இடத்தை அவர் கையிலெடுத்ததும் ஊசியைத் தொடவில்லை. சிறு கத்தியால் சுற்றியிருந்த இழைகளை வெட்டினார். ஓட்டை முன்னையிலும் பெரிதாயிற்று.

"என்ன அண்ணை, இருக்கிற ஓட்டையைப் பெருப்பிக்கிறியள்?" என்றேன்.

அவர் சிரித்தார். "மாஸ்ரர், கிழிஞ்ச வலையைக் கண்ட உடனை ஊசியை எடுக்கப்படாது. முதல் கத்தியை எடுக்கவேணும். அரைகுறையாய் நிக்கிற கண்ணிலை முடிச்சுப் போட்டால் அது நிக்காது. நல்ல கண் எங்கை துவங்குதோ அங்கை மட்டும் வெட்டிப்போட்டுத்தான் பொத்தவேணும்."

அவர் காட்டிய நுட்பம் இது. நல்ல வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு இழைகள் பிரியும். கிழிந்த ஓரத்தைச் செம்மையாக வெட்டியபின், மூன்று இழை நிற்கும் முடிச்சொன்றிலே தொடங்க வேண்டும். மூன்று இழை நிற்கும் முடிச்சொன்றிலேயே முடிக்க வேண்டும். இடையில் வரும் முடிச்சுக்களெல்லாம் இரண்டிரண்டு இழையோடு நிற்பவை. இவ்வாறு தொடங்கினால், வரிசை தவறாமற் சென்று கடைசி முடிச்சில் வலை தானே மூடிக்கொள்ளும். பிழையான இடத்தில் தொடங்கியவருக்கு இறுதியில் ஒரு கண் மிஞ்சும், அல்லது ஒரு கண் போதாது.

கடலிலே வலை கிழிவது தொழிலின் இயல்பு; பாறையிற் சிக்கும், பெருமீன் அறுக்கும். ஆயினும் கடலடியை வாரியிழுக்கும் இழுவைப் படகுகள் அறுத்துச் சென்ற வலையைப் பொத்த முடிவதில்லை. பொத்துவதற்கு ஓரமே மிஞ்சுவதில்லை. இலங்கையில் அவ்விழுவை முறை 2017 இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாக்கு நீரிணையில் அவ்வல்லல் இன்னும் ஒழிந்தபாடில்லை. பொத்தக்கூடிய கிழிசல் ஒரு பேறு என்பதை அக்கரையில் அமர்ந்திருந்தபோது உணர்ந்தேன்.

நாடென்னும் வலை

இனி, தொடக்கத்திற் குறித்த வரலாற்றுக்கு வருவோம். மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்வதை 1897 ஆகஸ்டு 20 இல் செக்கந்திராபாத்தில் றொனால்ட் றொஸ் கண்டார். நோய்க்கு வாயில் எது என்பது அன்று தெளிவாயிற்று. ஆயினும் 1934–35 இல் இலங்கையிற் பெருங்கொள்ளையாக மலேரியா எழுந்தபோது ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, அக்குட்டைகளில் நுளம்பு பெருகியதே அதற்குக் காரணம். 1946 முதல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரீ. தெளிக்கப்பட்டது. நோய் சுருங்கிச் சுருங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரே நோயுற்றனர். வெற்றி கிடைத்துவிட்டதென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று.

பதினேழு என்பது விரல் நுழையும் ஓட்டை. ஆறாண்டிலே அது எவ்வளவு பெரிதாயிற்று என்பதை அக்கணக்கே சொல்லும். மறுபடி வலையைப் பொத்த ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெரிதும் துன்புற்றன. இறுதியில் 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டிற் தொற்றிய நோயாளர் எவருமில்லாமல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அச்சான்று கிடைத்த அதே ஆண்டின் முடிவில் மன்னார்க் கிணறுகளில் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு காணப்பட்டது. சில ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரத்துக் கிணறுகளிலும் அதனை ஆய்வாளர் கண்டனர்.

பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடியது, குடாநாட்டிலோ ஆறில்லை. புதிய நுளம்பு நாடுவது கிணற்றையும் நீர்த்தொட்டியையும். யாழ்ப்பாணத்தான் வாழ்வதே கிணற்றினால் அன்றோ! அதனோடு, டெங்குவைப் பரப்பும் நுளம்பின் புழுக்கள் குருநகர்ப் பகுதியின் உவர் நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுரைத்துள்ளனர். 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குவால் நோயுற்றனர். டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. ஆதலால் இரவு வலை மட்டும் அதற்குப் போதாது. ஆயின் பகலில் உறங்கும் குழந்தைக்கு வலை வேண்டும். காய்ச்சலாய்க் கிடப்பவருக்கும் பகலில் வலை வேண்டும். அவரைக் கடித்த நுளம்பு அயல்வீட்டாரைக் கடியாதிருப்பதற்கு அதுவே வழி. நோயாளியின் வலையில் உள்ள ஓட்டை, அயலாரின் வலையில் உள்ள ஓட்டையே.

நம் வீடுகளில் மூன்று வலைகள் உண்டு: கட்டிலின் மேல் ஒன்று, சாளரத்தில் ஒன்று, கிணற்றின் மேல் ஒன்று. கிணற்று வலை பெரும்பாலும் சருகு விழாதிருக்க இட்ட பெருங்கண் வலை. இலையைத் தடுக்கும், நுளம்பைத் தடாது. நுளம்பைத் தடுக்கச் சிறுகண் வலை வேண்டும். துலாவும் வாளியும் உரசுமிடத்தில் அது முதலில் கிழியும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

மருந்தூட்டிய வலை வந்தபின் ஓட்டையைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்பாருமுளர். 1973 இல் மைக்கல் எலியற் என்னும் அறிஞர் பெர்மெத்திரினைக் கண்டபின் அத்தகைய வலைகள் பெருகின. ஓட்டையுள்ள வலையிலும் நுளம்பு பட்டு மடிவதுண்டு. ஆயினும் அம்மருந்து இருபது கழுவல், மூன்றாண்டு என்ற அளவுக்கே கணிக்கப்பட்டது. மருந்து தேய்ந்தபின் எஞ்சுவது இழையே. இழை நிற்பது ஊசியினாலேயே.

மனையியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கைக்குட்டையில் பூ வேலை செய்யப் பழக்கும் நேரத்தில் ஒரு பாடவேளையை வலை பொத்துவதற்கு ஒதுக்குக. மாணவியரோடு மாணவரும் பழகட்டும். கடற்கரையில் வலை பொத்துவோர் பெரும்பாலும் ஆடவரே. கணித ஆசிரியர் அவ்வலையிலேயே ஓட்டைகளை எண்ணுவித்துப் புள்ளி கூட்டச் செய்யலாம். விலங்கியல் ஆசிரியர் கிணற்று நீரை வெள்ளைக் கோப்பையில் அள்ளிப் புழுக்களைக் காட்டலாம். புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கிவிடும். மார்கழி, தையில் டெங்கு மிகும். அதற்குமுன் ஒரு விடுமுறை நாளில் உங்கள் வீட்டு வலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரலளவான ஓட்டைகளைப் பொத்த ஒரு பிற்பகல் போதும்.